கல்லறை வளைவில் குஸ்தோதியோவின் கைகள்

குஸ்தோதியோவின் கைகளைப் படம் பிடிக்கத்தான் அன்று நான் கல்லறைத் தோட்டத்து மதில்மேல் ஏறினேன். சைக்கிள்காரிகளைப் படம் பிடிக்க அல்ல. அவர்களைப் பிடிக்கப் பத்திரிகைக்காரன் இருந்தான், டிவிக்காரன் இருந்தான், ஊரில் பாதிப் பேர் கையில் போன் இருந்தது. குஸ்தோதியோவின் கைகளைக் கவனிக்க என்னை விட்டால் ஆளில்லை.

குஸ்தோதியோ பாலாடைக்கட்டி செய்கிறவன். கை ஒவ்வொன்றும் மண்வெட்டி மாதிரி இருக்கும். எங்கள் சுஸ்காத்தா மலைச்சரிவில் தொங்கிக்கொண்டிருக்கிற ஊர். எந்தச் சைக்கிள் போட்டி வந்தாலும் கடைசி ஏற்றம் எங்கள் தெரு வழியாகத்தான். மூச்சு வாங்க ஏறி வருகிறவர்களை முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவது இங்கே எல்லோருக்கும் பழக்கம், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது மாதிரி. குஸ்தோதியோவுக்கு மட்டும் அது வியாதி. சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனை அவன் தள்ளிய தள்ளில் பையன் நாலு பேரைத் தாண்டிப் போய் நின்றான். நடுவர்கள் பார்த்துவிட்டார்கள். தண்டம் போட்டுப் பட்டியலின் அடிமட்டத்துக்கு இறக்கினார்கள். பையன் சைக்கிளை விற்றுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போய்விட்டான்.

இந்த முறை வருகிறவள் யுரானி. சந்தை முக்கில் அரேபா என்னும் சோள ரொட்டி சுட்டு விற்கும் ஒத்திலியாவின் மகள். ஒத்திலியாவுக்குப் புருஷன் இல்லை. மகளின் முதல் சைக்கிள் அந்த அடுப்பில் வெந்து வந்தது. பெண்களுக்கான பல நாள் போட்டி ஒன்றின் கடைசி நாள், எங்கள் தேவாலயச் சதுக்கத்தில் முடிவுக்கோடு. மொத்த நேரக் கணக்கில் யுரானி இரண்டாவது. முதலில் இருந்தவள் போகோட்டா அணியின் மஞ்சள் சட்டைக்காரி; முதலில் இருப்பவளுக்குத்தான் மஞ்சள் சட்டை. இருவருக்கும் நடுவில் மூன்றே நொடி. ஜெயித்தால் ஐரோப்பாவில் ஓர் அணி அவளை எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு. தோற்றால் அம்மாவோடு அரேபா சுட வேண்டியதுதான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர் கூடிப் பேசியது. ஒருத்தர் கையும் அவள்மேல் படக்கூடாது. அவள் கடந்து போகும்வரை அவரவர் இரண்டு கையையும் அவரவர் தொப்பிமேல் வைத்துக்கொள்ள வேண்டும். இது பாதிரியாரின் யோசனை.

"கையத் தொப்பிமேல வெச்சா இவன் கால்ல தள்ளுவான்," என்றேன் நான்.

"தோன் பெலார்மினோ, மாதா மேல சத்தியம். தொடமாட்டேன்," என்றான் குஸ்தோதியோ.

"போன தடவையும் மாதாவத்தானே இழுத்த?"

"போன தடவ சத்தியம் பண்ணல. சும்மா வாக்குதான் குடுத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒத்திலியா சிரிக்கவில்லை. வெளியே வரும்போது என் ருவானாப் போர்வையின் முனையைப் பிடித்து நிறுத்தி, எங்கள் பக்கத்து மரியாதைச் சொல்லோடு ஆரம்பித்தாள்.

"சுமெர்சே, அந்த கேமராவ எடுத்துட்டு வாங்க. எம் பொண்ணப் பாக்க ஆயிரம் பேர் இருக்காங்க. நீங்க அவன் கையையே பாத்துக்கிட்டிருங்க. கேமரா தம்மேல இருக்குன்னு தெரிஞ்சா அடங்கி நிப்பான்."

சரி என்றேன். கேமராவுக்கெல்லாம் அவன் அடங்குவான் என்று நான் நம்பவில்லை. நான் நம்பாதது அது ஒன்றுதான் என்றில்லை.

நான் வெங்காய லாரி ஓட்டியவன். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. முழங்கால் போனதும் லாரியை விற்றேன். கேமரா வாங்கியது ரசனைக்காக அல்ல. பக்கத்து நிலத்துக்காரன் வேலிக்கல்லை நகர்த்துகிறான் என்று சந்தேகம். கடைசியில் பார்த்தால் அவன் மாடு முதுகு தேய்த்துத் தேய்த்துக் கல் நகர்ந்திருக்கிறது. மாட்டை அவன்தான் பழக்கியிருக்கிறான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதற்குள் எனக்கு ருசி பிடித்துவிட்டது. மூடுபனி, ரீங்காரச் சிட்டு, மாட்டின் ஈர மூக்கு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்க ஆரம்பித்தேன்.

கேமரா வாங்கிய அன்றைக்கு, துய்தாமா ஊர்க் கடைக்காரன் என்னிடம் இரண்டு லென்ஸ் விற்கப் பார்த்தான்.

"தோன், கிட்டத்துக்கு இது. தூரத்துக்கு இது. ரெண்டையும் எடுத்துக்கோங்க."

"ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுக்கு?"

"அதுக்கு மூணாவது ஒண்ணு இருக்கு."

"நாலாவதும் இருக்குமே? ஒண்ணுலயே எல்லாம் வர்ற மாதிரி கிடையாதா?"

வேண்டாவெறுப்பாக ஒன்றை எடுத்து வைத்தான். வளையத்தைத் திருப்பினால் கிட்டத்திலிருந்து தூரம்வரை நீண்டுகொண்டே போகிற ஜூம் லென்ஸ்.

"இதுல எல்லாம் வரும். ஆனா எதுவும் முழுசா வராது. தூரத்துல மங்கும், வெளிச்சம் கொறஞ்சாத் திணறும்."

"எம் பொண்டாட்டியும் என்னப் பத்தி இதத்தான் சொன்னா. சாகுற வரைக்கும் கூடவே இருந்தா. குடு."

அவன் பொய் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மங்கத்தான் செய்தது. அதோடு, கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்தால் லென்ஸ் கிழட்டுக் கழுதையின் கழுத்து மாதிரி தானாக இறங்கும். வெங்காயத்தாள் கட்டுக்குப் போடும் ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி நிறுத்தினேன். வாங்கிய நாளிலிருந்து லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றியதே இல்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது, தூசிக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

கல்லறை மதிலுக்கு நேர் கீழே நீளமான ஏற்றம் ஒன்று உண்டு. ஏறி வருகிறவர்கள் முதலில் நம் முகத்துக்கு நேராக வருவார்கள். பிறகு சாலை மதிலை ஒட்டி வளைந்து, கைநீட்டும் தூரத்தில் பக்கவாட்டாகக் கடந்து சதுக்கத்துக்குப் போகும். அந்த ஏற்றத்தில்தான் குஸ்தோதியோ முந்தின நாள் சுண்ணாம்பால் யுரானியின் பெயரை எழுதியிருந்தான். ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஆள் நீளம், ஒன்றன்பின் ஒன்றாக மேல்நோக்கி.

மதிலில் என் பக்கத்தில் பத்திரிகைக்காரன். ஒற்றைக்கால் கம்பின்மேல் வெள்ளையாக ஒரு பெரிய லென்ஸ் வைத்திருந்தான்.

"தாத்தா, லென்ஸுக்கு ஏன் ரப்பர் பேண்டு? உள்ள வெங்காயமா?"

"உன்னோடதுல தண்ணி வருதா? குழாய் மாதிரி இருக்கு."

சிரித்தான். இளம்பிள்ளை. ஆனாலும் என் பையை அவனுக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மேகம் தாழ்ந்து வந்தது. கீழே கொண்டை ஊசி வளைவுகளில் மோட்டார் சைக்கிள் சைரன் கேட்டது. லென்ஸை முழு நீளத்துக்கு இழுத்தேன். மஞ்சள் புள்ளி ஒன்று, அதன் பின்னால் சிவப்புப் புள்ளி ஒன்று. மற்றவர்களைக் காணவில்லை. சிவப்பு யுரானி. ஏற்றத்தின் அடிக்கு வந்ததும் அவள் இருக்கையை விட்டு எழுந்தாள். மஞ்சள்காரி தலையைத் தொங்கப்போட்டாள். யுரானி அவளைத் தாண்டி மேலே வந்தாள்.

சாலையின் இரண்டு பக்கமும் ஊரே தொப்பியில் கை வைத்து நின்றது, யாரோ துப்பாக்கி காட்டி நிறுத்தின மாதிரி. போலீஸ்காரன் தொப்பியிலும் அவன் இரண்டு கை. தொப்பி இல்லாத பெண்கள் தலையில் கை வைத்திருந்தார்கள், இழவு வீடு போல. யாரும் வாயை மட்டும் மூடவில்லை. மலையே கத்தியது.

குஸ்தோதியோவும் தொப்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். அவள் அவனைக் கடந்தாள். அவன் கை தொப்பியைவிட்டு வந்தது. தொப்பி பறந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடினான்.

பொத்தானை அமுக்கினேன். கண்ணாடிக்குள் அந்த மண்வெட்டிக் கைகள் அவள் முதுகில் இருந்தன. "மாட்டினடா!" என்று கத்தினேன். பக்கத்தில் பத்திரிகைக்காரன் கேமராவும் படபடவென்று அடித்தது. அவள் நெருங்க நெருங்க அவன் குழாய்க்குள் அவள் அடங்கவில்லை. குனிந்து அதைக் கழற்றினான், வேறொன்றை மாட்டத் தொடங்கினான்.

நான் வளையத்தைப் பின்னால் இழுத்தபடி எடுத்துக்கொண்டே வந்தேன். குஸ்தோதியோ தனியாகக் காரியம் செய்கிறவன் இல்லை. கூட்டாளி எவன் என்று பார்க்க வேண்டும். அதனால் படத்தை அகலமாக்கிக்கொண்டே போனேன். தூரம், நடுத்தூரம், கிட்டம். விரலை எடுக்கவில்லை. அவள் வளைவில் திரும்பி எங்களுக்குக் கீழே பக்கவாட்டாகப் போனபோது அவள் மூச்சு எனக்குக் கேட்டது. பத்திரிகைக்காரன் லென்ஸை மாட்டி நிமிர்ந்தபோது அவள் முதுகுதான் தெரிந்தது.

யுரானி சதுக்கத்தில் தனியாக வந்து கோட்டைத் தாண்டினாள். மணி அடித்தது. பட்டாசு வெடித்தது. ஒத்திலியா மாவுக் கையோடு மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மஞ்சள்காரி வந்து சேர்ந்தது ஏழு நொடி கழித்து.

பிறகு ஒலிபெருக்கி. போகோட்டா அணியின் மேலாளர் புகார் கொடுத்திருக்கிறார். ஊர்க்காரர் ஒருவர் வீராங்கனையைத் தள்ளியிருக்கிறார். பத்திரிகைப் படம் ஆதாரம். புகார் உண்மையென்றால் பத்து நொடி தண்டம், யுரானி மறுபடி இரண்டாவது. முடிவு நிறுத்திவைக்கப்படுகிறது.

மணியை நிறுத்தினார்கள். சதுக்கம் முழுக்க குஸ்தோதியோவின் பக்கம் திரும்பியது.

"நான் தொடலங்க. மாதா மேல சத்தியமா தொடல."

"பேப்பர்காரன் படத்துல தெரியுதேய்யா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"எங்கிட்டயும் இருக்கு!" என்று நான் கேமராவைத் தூக்கினேன். "நான் அன்னைக்கே சொன்னேன். இந்தா, நீயே பாரு!" என்று ஒத்திலியாவின் முகத்துக்கு நேராக அந்தப் படத்தை நீட்டினேன். முதுகில் கை. மங்கலாக இருந்தாலும் கை கைதான்.

அவள் பார்த்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள். முகம் சாம்பலாகிவிட்டது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

"அடுத்ததக் காட்டுங்க, சுமெர்சே."

"அடுத்தது எதுக்கு?"

"காட்டுங்கன்னா."

பொத்தானைத் தட்டினேன். அடுத்தது. அதற்கடுத்தது. படம் அகலமாக ஆக, சாலை திரும்பத் திரும்ப, கை முதுகைவிட்டு விலகியது. கடைசியில் பக்கவாட்டில் எடுத்த படம். அவன் உள்ளங்கைக்கும் அவள் இருக்கைக்கும் நடுவில் ஒரு கன்றுக்குட்டி தாராளமாக நுழையலாம். குஸ்தோதியோ கண்ணை இறுக மூடி, வாயைப் பிளந்து, பாறையைத் தள்ளுகிறவன் மாதிரி தள்ளிக்கொண்டு ஓடுகிறான். அவன் கைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பின்னால் ஊர் முழுக்கத் தொப்பியில் கை.

"என்னத்தடா தள்ளின நீ?" என்றேன்.

"சத்தியம் பண்ணிட்டேனே, கொம்பாத்ரே. கை கேக்கல," என்று தேம்பினான். "காத்தத் தள்ளினேன்."

நடுவர் கூடாரத்தில் என்னை விடவில்லை. அனுமதி அட்டை எங்கே என்று வாசலில் ஒருவன் கேட்டான். "செத்தவங்க மதில்ல உக்காந்து எடுத்தேன், அவங்க அட்டை கேக்கல," என்று தள்ளிக்கொண்டு போனேன். உள்ளே தலைமை நடுவர், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். மேலாளர் ஒரு பக்கம், பத்திரிகைக்காரன் ஒரு பக்கம்.

"கேமராவைக் குடுங்க, ஐயா."

"தரமாட்டேன். வாரு என் கழுத்துல இருக்கும். நீங்க குனிஞ்சு பாருங்க."

குனிந்தாள். மேலாளர் குறுக்கே வந்தான். "இவரு இந்த ஊர்க்காரர், மேடம். நடுவுல ஏதாவது படத்த அழிச்சிருப்பாரு."

நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவனை எனக்குக் கொஞ்சம் பிடித்துக்கூடப் போனது. "வரிசையா நம்பர் ஓடுது பாருய்யா. எது விட்டுப்போயிருக்குன்னு சொல்லு," என்றேன்.

"அப்போ தள்ளிட்டு, இங்க வர்றதுக்குள்ள கைய எடுத்திருப்பான். தூரத்துப் படம்தான் கணக்கு. அதுவும் இவரோடது ஒரே மங்கல்!"

"தொட்டானா இல்லையான்னு பாக்கணுமா, அவ கண்ணுல இமை எத்தனைன்னு எண்ணணுமா?"

அம்மாள் கையை உயர்த்தி எங்கள் இருவரையும் அடக்கினாள். முதல் படத்துக்குப் போனாள். அடுத்தது. அதற்கும் அடுத்ததில் நின்றாள். அது நான் கொஞ்சம் பின்னால் இழுத்தபோது விழுந்த படம். கை இன்னும் முதுகில் இருப்பது போலத்தான் தெரிந்தது. ஆனால் அதில் காலும் தரையும் வந்திருந்தன.

"கைய விடுங்க. காலப் பாருங்க," என்றாள். "இவ பின்சக்கரம் பேரோட கடைசி எழுத்தத் தாண்டிடுச்சு. அவர் கால் இன்னும் அதுக்கு முந்தின எழுத்துல இருக்கு. ஒரு எழுத்து எவ்வளவு நீளம்?"

"ஓர் ஆள் நீளம்," என்றேன். "அவனே எழுதினது."

அடுத்தடுத்த படங்களிலும் அதே தூரம். எதிலும் குறையவில்லை. அவள் பத்திரிகைக்காரனைப் பார்த்தாள். "உங்க படத்துல கால் இல்லையே?"

"இடுப்புக்கு மேலதான் வரும், மேடம். இது நேருக்கு நேரா ரொம்ப தூரத்துலேர்ந்து எடுத்தது, முன்னால இருக்கிறதும் பின்னால இருக்கிறதும் ஒட்டின மாதிரிதான் தெரியும்." அவன் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "இதுக்கப்புறம் நான் லென்ஸ் மாத்திட்டிருந்தேன். தாத்தா எடுத்தது எங்கிட்ட இல்ல."

அம்மாள் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

ஒலிபெருக்கியில் "தண்டம் இல்லை" என்பதுதான் காதில் விழுந்தது. மிச்சத்தை மணி விழுங்கிவிட்டது. யுரானிக்கு மஞ்சள் சட்டையை மாட்டினார்கள். அது அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. மேடையிலிருந்து இறங்கியதும் அம்மாவைத் தூக்கிச் சுற்றினாள். ஒத்திலியா அலறினாள், செருப்பு ஒன்று கூட்டத்துக்குள் போய்விட்டது. யாரோ பீர் பாட்டிலைக் குலுக்கி என்மேல் தெளித்தார்கள். லென்ஸை ருவானாவுக்குள் ஒளித்துக்கொண்டு ஆள் யாரென்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு குஸ்தோதியோ நடுவரிடம் வந்தான். தொப்பி இன்னும் இல்லை.

"மேடம், போட்டி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது, தோன்."

"முழுசா?"

"கையெழுத்தே போட்டாச்சு."

"அப்ப இனிமே தொடலாமா?"

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தாள். "தாராளமா."

ஒத்திலியாவின் வீடு தேவாலயத்துக்குப் பின்னால் இன்னும் மேலே, ஆடும் மூச்சு வாங்கும் சந்தில். யுரானி சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை, காலைத் தொங்கவிட்டாள். குஸ்தோதியோ இரண்டு கையையும் அவள் முதுகில் பதித்தான். ஊரே தொப்பியைக் காற்றில் எறிந்துவிட்டுப் பின்னால் ஓடியது.

ரப்பர் வளையத்தைத் தள்ளி லென்ஸை முழுக்க இழுத்தேன். முதுகில் கை. நம்பாமல் அகலமாக்கியும் ஒன்று எடுத்தேன். இந்த முறை தொட்டுக்கொண்டுதான் இருந்தான்.