பாய்லர் அணைந்த காலை

சாய ஆலை வாசலில் தொழிலாளர்கள் போராட்டத்தில் உட்கார்ந்து இருபத்துமூன்று நாள் ஆகியிருந்தது. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சாயம் காய்ச்சும் அறையின் ஆவியை வெளியே தள்ள நாலு பெரிய மின்விசிறி. பாய்லர்காரனின் தங்கை ஆறு வருடமாக வேலை பார்த்த அறை அது. இப்போது மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். இன்னொரு வருடத்துக்கு அவள் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

கூச்சல் கிடையாது, மறியல் கிடையாது. தினம் ஒரு மனு. அதன்மேல் 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு முத்திரை. மேனேஜர் ஒருநாளும் கார் கண்ணாடியை இறக்கியதில்லை. வெளியாட்களை வைத்து ஆலை ஜாம்ஜாமென்று ஓடியது.

அப்படி ஓடியதில் பாய்லர்காரனுக்கும் பங்குண்டு. அவன் மட்டும் தினமும் உள்ளே போய் பாய்லரைப் பார்த்துக்கொண்டான். வேலை தெரியாத எவனாவது நெருப்புப் போட்டு வெடித்தால் பத்து உயிர் போகும் என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். ஷிப்ட் முடிந்ததும் வாசலுக்கு வந்து, போராட்டத்தில் உட்காருவான்.

"உள்ள போய் ஸ்டீம் ஏத்துற, வெளிய வந்து எங்களோட உட்காருற. நீ யார் கட்சி மச்சான்?" என்றான் தங்கை புருஷன்.

"வெடிச்சா என்ன ஆகும்னு தெரியுமா மாப்பிள்ளை?"

"என் பொண்டாட்டி வெடிக்க மாட்டா. சத்தமில்லாம போயிடுவா. அதான் உங்க எல்லாருக்கும் சௌகரியமா இருக்கு."

 மறுநாள் காலை உள்ளே போகும்போது பாய்லர்காரன் மாப்பிள்ளையிடம், "மத்தியானம் வரைக்கும் கையைக் காலை வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்று மட்டும் சொன்னான். நெருப்பை அணைத்தான். ஆவியை மெல்ல மெல்ல வெளியேற்றினான். பதினொரு மணிக்கு அழுத்தம் காட்டும் கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்தது. அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். உள்ளே சாயத் தொட்டிகள் ஒவ்வொன்றாக ஆறி, வேலை நின்றது.

அதே பதினொரு மணிக்கு மாப்பிள்ளையின் பொறுமை போனது. அவன் எறிந்த கல் அலுவலக ஜன்னலை உடைத்தது. ஜன்னலோரம் இருந்த டைப்பிஸ்டின் இடது கண்ணில் கண்ணாடிச் சில்லு ஏறியது.

அரை மணி நேரத்தில் மேனேஜர் தானே இறங்கி வந்தார். வியாழக்கிழமை விசிறிகள் சுழன்றன. மாப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். டைப்பிஸ்டுக்கு அந்தக் கண் போய்விட்டது என்ற செய்தி வந்தபோது, யாரோ "அடப் பாவமே" என்றார்கள். பிறகு பேச்சு மாறியது.

அடுத்த வாரம் பேக்கிங் பிரிவு ஆட்கள் யோசனை கேட்டு வந்தார்கள். அவர்களுடைய வெட்டும் இயந்திரத்துக்குத் தடுப்பு இல்லை. இரண்டு பேருக்கு விரல் போயிருந்தது.

"வேலை செஞ்சது கல்லு இல்லைங்க. பாய்லர் அணைஞ்சதுதான்" என்றான் பாய்லர்காரன்.

மாப்பிள்ளை சிரித்தான். "ஆமா, பாய்லர் போய் மேனேஜர் காலைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துச்சு!"

பேக்கிங் ஆட்களில் மூத்தவர் சிரிக்கவில்லை. "அப்ப எங்களுக்காக இன்னொரு தரம் அணைங்களேன் தம்பி."

"சாவி இப்ப என்கிட்ட இல்லண்ணே. திங்கக்கிழமையே புதுசா ரெண்டு ஆளைப் போட்டுட்டாங்க. என்னை எடைமேடைக்கு மாத்திட்டாங்க."

எது வலித்தது என்று மேனேஜருக்குத் தெரிந்திருந்தது.

 மூத்தவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "எவ்வளவு தூரத்துல நின்னு எறிஞ்சே?" என்று கேட்டார்.