வரப்புக்கு அந்தப் பக்கம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது கதையல்ல, கையேடு: சிறு விவசாயிகள் மிளகாயில் மகசூலும் வருமானமும் கூட்டுவது எப்படி? மேட்டுப்பாத்தி, சொட்டுநீர், சுற்றிலும் தடுப்புக்குச் சோளம் என்று ஒழுங்காகத்தான் எழுதிக்கொண்டு போனேன். ‘நோய் கண்ட செடிகளை வேரோடு பிடுங்கி அழிக்கவும்’ என்ற வரியில் கை நின்றுவிட்டது. அப்படிப் பிடுங்கிய இருவரை எனக்குத் தெரியும்.

2

“காலைப் பனியில் மிளகாய்ச் செடிகள் தலையசைத்து...”

(வேண்டாம். பனியைப் பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்?)

அக்கா, தங்கை. அப்பா விட்டுப்போன நிலத்தை ஒரு வரப்பு பிரித்தது. தங்கை எல்லாம் முறைப்படி செய்தாள்; அவள் பக்கம் பூத்துக் குலுங்கியது. அக்காவின் கணவர் மரத்திலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்தார். அவரைத் தூக்கி உட்காரவைப்பதிலேயே அக்காவின் பொழுது போனது. அதற்குள் அவள் வயலில் இலைகள் சுருண்டுவிட்டன. நோயைச் சுமந்து திரியும் வெள்ளை ஈ, வரப்பைப் பார்த்துத் திரும்பிப்போகிற ஜாதியல்ல.

3

“அக்கா, சுருண்டதையெல்லாம் பிடுங்கிடலாம். விட்டா ரெண்டு பேருக்குமே மிஞ்சாது.”

“உன் செடி பிழைக்க என் செடியப் பிடுங்கணுமா?”

“அப்படி இல்லக்கா...”

“வேற எப்படி? படுத்துக் கிடக்கிற மனுசனுக்கு என்னடி பதில் சொல்லுவேன்?”

(இங்கே தங்கையைத் தியாகியாக்கிப் பார்த்தேன். அந்த வரிகளை அடித்துவிட்டேன். அவளுக்கு இருந்தது பயம். அந்தப் பயத்தில்தான் வாய் முந்திக்கொண்டது.)

“என் வயல்ல விளையறதுல பாதி உனக்கு.”

அக்கா அவளையே பார்த்தாள். “உன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டியா?”

“இல்ல.”

அக்கா குனிந்து முதல் செடியைப் பிடுங்கினாள். பிஞ்சுகள் இருந்தன. பிஞ்சோடு சாக்கில் திணித்தாள். பிறகு இருவரும் சேர்ந்து பிடுங்கினார்கள். அழவில்லை. (அழுதார்கள் என்று எழுதினால் நமக்கு நிம்மதியாக இருக்கும்.)

4

“இரு குடும்பங்களின் வாழ்விலும் ஒளி...”

முடியவில்லை. தங்கையின் செடிகள் தப்பின. பழம் சிவந்து பறிப்பும் தொடங்கியது. அதுவரை உறுதி. பாதிப் பங்கு பற்றி இன்னும் அறியாமல் மூட்டை ஏற்ற வந்த தங்கையின் கணவர், தன் வயலில் கூடையோடு நின்ற அக்காவைக் கேட்டார்:

“உங்களுக்கு இங்க என்ன வேலை, அண்ணி?”

அதற்குப் பிறகு நடந்ததை அவர்கள் எனக்குச் சொல்லவில்லை. தங்கையின் பதிலை நானே பலவிதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என் குரல்தான் கேட்டது. வெயில் ஏறுகிறது. அக்கா நிற்கிறாள். நீங்கள் அந்தத் தங்கையாக இருந்தால், வாய் திறக்குமுன் யார் முகத்தைப் பார்ப்பீர்கள்?