ஆண்டியப்பன் எந்த மாவட்டத்தில் இறந்தார்?

ஆண்டியப்பன் இறந்துவிட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த மாவட்டத்தில் இறந்தார் என்பதில்தான் குழப்பம்.

சுண்டிக்குளம் களப்புக்குத் தெற்கே, பாலை மரத்தடியில் இருந்த முனியப்பர் கல்லுக்குச் சூடம் கொளுத்தப் போனவர், கொளுத்திய கையோடு சரிந்துவிட்டார். இதய நோய்க்காரர். மகள் சுரேகா ஓடிவந்தபோது உடம்பில் சூடு இல்லை.

மரண விசாரணை அதிகாரி பார்க்கும்வரை தொடக்கூடாது என்றது பொலிஸ். அதிகாரி வந்தார். ஒருவர் அல்ல, இருவர். கிளிநொச்சிப் பக்கத்துக்கு யோகநாதன், முல்லைத்தீவுப் பக்கத்துக்கு விமலேஸ்வரி.

“இது உங்கட பக்கமெல்லோ அக்கா.”

“ஆர் சொன்னது? போனைப் பாருங்கோ தம்பி.”

பார்த்தார்கள். யோகநாதனின் போனில் எல்லைக்கோடு களப்புத் தண்ணீருக்குள் ஓடியது. விமலேஸ்வரியின் போனில் அது சுரேகாவின் கோழிக்கூட்டைப் பிளந்துகொண்டு போனது.

“எழுபத்தெட்டில வவுனியாவை வெட்டி முல்லைத்தீவு எண்டவை. எண்பத்துநாலில யாழ்ப்பாணத்தை வெட்டிக் கிளிநொச்சி எண்டவை” என்றான் கான்ஸ்டபிள் வினோதன். “எதில கத்தியை வைச்சவை எண்டு மட்டும் சொல்லாமப் போட்டினம்.”

கிழக்கே கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்பாவின் மேல் போர்த்திய சாரத் துணி காற்றில் படபடத்தது. ஒரு மழைக்கு இந்த மரத்தடி முழங்கால் தண்ணீராகிவிடும்.

“அந்தா தெரியிறதுதான் எங்கட வீடு. முல்லைத்தீவுக் காணி. அப்பாவைத் தூக்க விடுங்கோ ஐயா” என்றாள் சுரேகா.

“வீடு முல்லைத்தீவு, சரி பிள்ளை. இந்த மரம்?”

யோகநாதன் குனிந்து முனியப்பரைப் பார்த்தார். சிவப்புத் துணி, சந்தனம், எண்ணெய்க் கறுப்பு. ஆனால் நான்கு பக்கமும் சீராகச் செதுக்கிய கல்.

“சதுரமான சாமியை நான் இதுவரைக்கும் காணேல்லை. வினோதன், உதைச் சுரண்டும்.”

“நான் மாட்டன் சேர். முனியோட எனக்கென்ன சோலி?”

சிரட்டையை எடுத்துச் சுரேகாவே சுரண்டினாள். ஒரு பக்கம் அம்புக்குறி வந்தது. கல்லைப் பெயர்த்துத் திருப்பினாள். மறுபக்கம் இலக்கம். எல்லைக் கல்.

அந்த அம்புக்குறியை அவளுக்கு முன்பே தெரியும். இடம்பெயர்ந்து திரும்பிவந்து காடு வெட்டிய வருடம், பற்றைக்குள் அப்பாதான் அதைக் கண்டார். மலைநாட்டில் பிறந்தவர். சூலம் கண்ட இடத்தில் கும்பிடுகிறவர். “சூலம் பாரு புள்ள. முனி அநாதையா கெடக்குறாரு” என்று சைக்கிள் கரியரில் ஏற்றினார். சின்னவளான அவள் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்போது குடியிருந்த கூடாரத்தைத் தாண்டி வந்தது நினைவிருக்கிறது. ஆனால் எங்கேயிருந்து? வாய்க்காலுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?

“கல்லு நிண்ட இடம் இதுதான் எண்டால் உடம்பு கல்லுக்கு மேற்கால கிடக்கு. அப்ப கிளிநொச்சி, தம்பியின்ர பாடு” என்றாள் விமலேஸ்வரி.

“ஓம். இப்பவே எழுதிக் குடுத்திடுவன். ஆரும் கொண்டுவந்து வைச்சது எண்டால் நில அளவைக்காரர் வந்து பார்க்கவேணும். நாளைக்குத்தான்.”

“அதுவரைக்கும் அப்பா?”

“இதிலதான் கிடக்கவேணும்.”

முதல் துளி சாரத்தில் விழுந்து கறுத்தது.

“சொல்லும் பிள்ளை. இந்தக் கல்லை ஆரும் நகர்த்தினவையோ?”

எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

“இல்லை ஐயா. நான் பிறக்க முன்னமே இஞ்சதான் நிண்டதாம்.”

யோகநாதன் உடலைப் பார்த்தார், நாலு கேள்வி கேட்டார், எழுதினார். அயலவர்கள் உடலைப் பாயோடு வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள். மழை பிடித்துக்கொண்டது.

“விலாசத்தைச் சொல்லும்” என்ற யோகநாதன் பேனையை நிறுத்தி வீட்டைப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். “வீடும் கல்லுக்கு மேற்காலதானே கிடக்கு?”

“ஓம் ஐயா.”

“அப்ப நீர் சொன்ன கதைப்படி அதுவும் கிளிநொச்சி.”

“காணிப் பத்திரம் முல்லைத்தீவு, ஐயா.”

“வோட்டு?”

“அதுவும்.”

“நான் இப்ப என்னத்தை எழுத?”

விமலேஸ்வரி குடையை விரித்து சுரேகாவின் தலைக்கு மேல் பிடித்தாள். “அதை விடுங்கோ தம்பி. செத்தவீட்டுக்காரப் பிள்ளை, போகட்டும்.”

பெயர்த்த கல்லைத் திரும்ப நடக் குனிந்தாள் சுரேகா. சூலம் எந்தப் பக்கம் பார்த்து நின்றது? களப்பையா, வீட்டையா? அப்பா சூடம் கொளுத்துவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். இப்போது ஞாபகம் வரவில்லை. ஒரு பக்கமாக வைத்தாள். மறுபடி திருப்பினாள்.

முற்றத்திலிருந்து வினோதன் குரல் கொடுத்தான்.

“தங்கச்சி, தலையைத் தெற்காலதானே வைக்கிறது? இஞ்ச தெற்கு எது?”

வெயிலும் இல்லை, நிழலும் இல்லை; களப்பும் கண்ணுக்குத் தெரியவில்லை. சுரேகா எழுந்து நின்று, மழைக்குள் நாலா பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.