ஏழாம் நம்பர் குடைக்குப் பின்வரிசை

1

இந்தக் கதையை நான் ஒருத்தியின் முதுகிலிருந்து திருடினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால் மன்னித்துவிடுவீர்கள், அவ்வளவு சுலபமாக எனக்கு மன்னிப்பு வேண்டாம்.

முதுகுக்குச் சொந்தக்காரி மிரெல்லா. வயது அறுபத்திரண்டு. இத்தாலியில், ரிமினிக்கு வடக்கே உள்ள கடற்கரையில், எர்மெஸ் என்பவர் கோடைக்கு வாடகைக்கு விடும் குடைகளில் முதல் வரிசை ஏழாம் நம்பர் அவளுடையது. கடலுக்கும் அவளுக்கும் நடுவே காக்கை கூடக் கிடையாது. அந்த வரிசையில் இடம் லேசில் காலியாகாது. யாராவது மண்டையைப் போட வேண்டும், இல்லை மருமகளோடு மலைப்பக்கம் போய்விட வேண்டும்.

தொடக்கத்துக்கு மூன்று முறை முட்டி மோதினேன்.

"அத்ரியாத்திக் கடலிலிருந்து சூரியன் எழுந்தபோது மிரெல்லா" — வேண்டாம். சூரியன் எழுந்த கதைகள் போதும்.

"தோல் என்பது மனிதன் உடுத்தும் முதல் ஆடை" — ஐயோ. எந்த அறிவாளி எழுதியது இதை? நான்தான்.

"மிரெல்லா வெயிலுக்கு அடிமை." இது பரவாயில்லை, உண்மையாவது இருக்கிறது.

2

மிரெல்லா வெயிலுக்கு அடிமை. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, குடையை மடக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் படுத்திருப்பாள். (குடைக்கு வாடகை கொடுத்து அதை விரிக்காத ஒரே ஜீவன்.) உடம்பு முழுக்க, தோல் கறுக்கவென்று, காரட் எண்ணெய். மணிக்கொரு தரம் அப்பளத்தைத் திருப்புவதுபோலத் தன்னைத் தானே திருப்பிக்கொள்வாள். குளிர்காலத்தில் ஊருக்குள் இருக்கும் சோலாரியம் கடைக்குப் போய், வெயிலுக்குப் பதிலாகத் தோலைச் சுடும் விளக்குப் பெட்டிக்குள் வாரம் மூன்று முறை படுத்து எழுவாள். மேகம் போட்ட நாளில் கிட்டப் போக முடியாது, எரிந்து விழுவாள்.

ஒரு தவக்காலத்தில் விளக்குப் பெட்டியை விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்தாள். நாலாம் நாள் போய்விட்டாள்.

"அதுக்குப் பதிலா சாக்லேட்டை விட்டுடறேன்," என்றாள். "ஆண்டவர் ஒத்துக்குவாரு. அவருக்கும் வெயில் ஊர்தானே!"

ஆகஸ்டு பதினைந்தாம் தேதி எர்மெஸின் காபி கவுண்டரில் எல்லோரும் கையை வரிசையாக நீட்டி வைப்பார்கள். அதிகம் கறுத்த கைக்கு ஒரு தர்ப்பூசணி பரிசு. மிரெல்லா தொடர்ந்து பதினோரு வருடம் ஜெயித்தவள்.

நான் அந்தக் கடையின் சமையலறையில் பத்தொன்பது வருடமாக மீன் பொரிக்கிறேன். பாளையங்கோட்டையில் என்னை வெயிலில் நிற்கவிடாமல் துரத்தித் துரத்தி வளர்த்தார்கள், கறுத்துவிடுவேனாம். இங்கே வந்த முதல் வாரமே மிரெல்லா தன் கையை என் கைமேல் வைத்து அளந்து பார்த்தாள்.

"வசு, நீ போட்டியில சேரக் கூடாது. நீ பொறந்தப்பவே ஜெயிச்சாச்சு."*

* அவர்கள் பாஷையில் நானும் அவளை வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். தமிழில் எழுதும்போது கை கேட்கவில்லை, 'அக்கா' வந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

இரண்டாம் வரிசையில், மிரெல்லாவுக்கு நேர் பின்னால், நோர்மா. ஓய்வு பெற்ற தபால்காரி. இருபத்திரண்டு வருடமாக அதே இடம். இருவரும் ஒருவரை ஒருவர் கிண்டலடித்து வாராமல் ஒரு நாளும் போனதில்லை. அதனால் முதுகில் எண்ணெய் தேய்க்க நோர்மாவைக் கூப்பிட மிரெல்லாவுக்கு மானம் இடம் கொடுக்காது. என்னைத்தான் கூப்பிடுவாள். நான் கையைக் கழுவிக்கொண்டு போவேன், திரும்பி வந்ததும் குறிப்பேட்டில் எழுதுவேன். போன வருடத்துக் குறிப்புகள் இவை:

ஜூன் 9: இடது தோளுக்குக் கீழே மச்சம். மிளகு அளவு. நல்ல விவரம்.

ஜூலை 11: துவரம்பருப்பு அளவு. ஓரம் பிசிறு பிசிறாக.

ஆகஸ்டு 6: கடலைப்பருப்பு. இரண்டு நிறம். கதைக்கு மிகவும் நல்லது.

கதைக்கு மிகவும் நல்லதாம்! படித்துப் பார்க்கும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

[இந்த இடத்தில் என் தரப்பு நியாயமாக ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

4

வாயைத் திறந்தவள் நோர்மா. ஆகஸ்டு பதினான்கு, போட்டிக்கு முந்தின நாள் காலை.

"மிரெல்லா, உன் முதுகுல இருக்கற மச்சம் வளர்ந்திருக்குடி. டாக்டர்கிட்ட காட்டு."

மிரெல்லா தலையைக்கூடத் தூக்கவில்லை. "வந்துட்டாய்யா மகராசி! ஏழாம் நம்பருக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையறவ. என்னை ஆஸ்பத்திரிக்குத் தள்ளிட்டு இடத்தைப் பிடிக்கலாம்னு பாக்கறியா?"

"உன் குடையக் கொண்டுபோய் உடைப்புல போடு! கடலைப் பாக்கத்தான் காசு குடுக்கறேன். இருபத்திரண்டு வருஷமா நான் பாக்கறது உன் முதுகு. அதுல ஒண்ணு புதுசா வந்தா எனக்குத் தெரியாதா?"

"பொறாமைக்கு மருந்து கிடையாதுடி, போ."

முதல் வரிசை மொத்தமும் சிரித்தது. நோர்மா துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். நான் பொரித்த மத்தித் தட்டோடு நின்றேன்.

(நோர்மாவைப் பற்றி எனக்கும் சந்தேகம் இருந்தது. அவளுக்கு ஏழாம் நம்பர் மேல் கண் உண்டா? உண்டு. அதற்கு முந்தின குளிர்காலத்தில் எர்மெஸிடம் இரண்டு முறை கேட்டிருக்கிறாள். அப்படியானால் அவள் சொன்னது பொய்யா? இல்லை. கதைக்குள் இப்படி ஒருத்தியை வைத்திருப்பது பெரிய தலைவலி.)

5

மத்தியானம் சமையல் முடிந்ததும் குறிப்பேட்டையும் என் பருப்பு டப்பாக்களையும் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு காபித் தட்டில் மூன்று மணிகளை வைத்து மிரெல்லாவின் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

"என்னடி இது, சூப்பு வைக்கப் போறியா?"

"ஜூன்ல இது. ஜூலையில இது. போன வாரம் இது. உங்க மச்சம், அக்கா. ஒரு கதைக்காகத் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "இந்தப் பருப்பு ரெண்டும் ஒண்ணுதானே?"

"எங்க ஊர்ல மாத்திப் போட்டா சாம்பாரைத் தூக்கி ஊத்திடுவாங்க. நல்லாப் பாருங்க."

நெடுநேரம் பார்த்தாள்.

"ஜூன்லயே பாத்தியா?"

"பாத்தேன்."

"எழுதி வெச்சே."

"வெச்சேன்."

"வாயைத் திறக்கலை."

"திறக்கலை, அக்கா."

அவள் அடுத்துச் சொன்னவற்றைத் தமிழில் அச்சேற்ற முடியாது. எல்லாம் எனக்குத் தகும். மூச்சு வாங்கியதும் கேட்டாள்:

"கதை எப்படி முடியுது?"

பொய் சொல்லியிருக்கலாம். "நீங்க செத்துப் போறீங்க."

"எப்ப?"

"அக்டோபர்ல."

"வறுத்த செஸ்ட்நட் கொட்டை வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"அடிப்பாவி! ஒரு பொட்டலம்கூடத் திங்க விடாமலா? மாத்துடி அதை!"

"என் பேனாவால மாறாது, அக்கா. நீங்க டாக்டர்கிட்ட போனாத்தான் மாறும்."

அவள் கடலைப்பருப்பை இரண்டு விரலில் எடுத்துக்கொண்டு, செருப்புப் போடாமல், சுடுமணலில் இரண்டாம் வரிசைக்கு நடந்தாள். நோர்மாவின் தலையிலிருந்த துண்டை இழுத்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"இவ்வளவு பெருசாடி?"

நோர்மா பருப்பைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள். "இதைவிடக் கொஞ்சம் பெருசு." பையிலிருந்து கார் சாவியை எடுத்துவிட்டாள். "கிளம்பு."

"இன்னிக்கு நேரமாயிடுச்சு, நாளைக்குப் போட்டிடி! அதுவுமில்லாம, நாளைக்கு மாதா திருநாள் லீவு. ஆஸ்பத்திரியில ஈ காக்கா இருக்காது. பதினாறாம் தேதி காலையில முதல் ஆளாப் போவோம்."

மறுநாள் பன்னிரண்டாவது தர்ப்பூசணியையும் வாங்கினாள். பாதியை நோர்மாவிடம் கொடுத்தாள். அவள் விதையைக் கூடத் துப்பாமல் தின்றாள்.

6

வெட்டி எடுத்தார்கள். பதினோரு தையல். தோல் புற்றுநோய்தான், ஆனால் மேலாகவே நின்றிருந்தது, உள்ளே இறங்கவில்லை. இன்னொரு கோடை விட்டிருந்தால் வேறு பேச்சு பேசவேண்டியிருக்கும் என்றாள் டாக்டர். வெயில், விளக்குப் பெட்டி இரண்டும் சேர்ந்து செய்த வேலையாம். பெட்டியை இனி நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு உடம்பையும் காட்ட வேண்டும்.

இனி முடிவுகள்.

முடிவு ஒன்று: மிரெல்லா அக்டோபரில் இறக்கிறாள். இதை அவளே சிவப்புப் பேனா கேட்டு வாங்கி அடித்துவிட்டாள். அந்த அக்டோபரில் மூன்று பொட்டலம் செஸ்ட்நட் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டாள்.

முடிவு இரண்டு: திருந்திவிட்டாள், நிழலை நேசித்தாள். சுத்தப் புளுகு. இந்த மே மாதம் முதல் வெயில் நாளில் விரித்த குடைக்குள் தொப்பியோடு உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். கை தானாக நிழலைத் தாண்டிப் போனது. பின்னாலிருந்து நோர்மா போட்டாள் ஓர் அடி. "உள்ள எடுடி கையை!"

முடிவு மூன்று: ஜூன் மாதம் மிரெல்லா சொன்னாள், "நோர்மா, ஏழாம் நம்பரை நீ எடுத்துக்கோ. நிழல் எங்க உட்கார்ந்தாலும் நிழல்தான். நான் பின்னாடி வந்துடறேன்."

இருபத்திரண்டு வருட ஆசை! எர்மெஸ் சீட்டும் எழுதிவிட்டார். நோர்மா கடலைப் பார்த்தாள். பிறகு துண்டைப் பழைய இடத்திலேயே விரித்தாள்.

"கடலுக்கு ஒண்ணும் ஆகாது, அது பாட்டுக்கு இருக்கும்," என்றாள். "நான் முன்னாடி போயிட்டா உன் முதுகை எவடி பாப்பா?"

மிரெல்லா வெயில் களிம்பை நோர்மாவிடம் நீட்டி, முதுகைத் திருப்பிக் காட்டினாள். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. நான் சமையலறைக்குள் ஓடிப்போய் வெங்காயம் நறுக்கினேன், தேவையே இல்லாமல்.

முடிவு மூன்றோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மிரெல்லா தோற்கப் பிறந்தவள் அல்ல. இந்த ஆகஸ்டு முதல் போட்டியையே திருப்பிவிட்டாள்: அதிகம் வெளுத்த கைக்குத்தான் தர்ப்பூசணி. பத்தொன்பது வருடம் ஜெயித்துவிட்டேன் என்று என்னைச் சேர்க்கவில்லை. இப்போது தோற்றுவிட்டேன் என்று சேர்க்கவில்லை.

7

வரும் வியாழன் மிரெல்லாவுக்கு அடுத்த பரிசோதனை. கதையைப் புதனுக்குள் அனுப்பும்படி பத்திரிகையில் சொல்லியிருக்கிறார்கள். எனவே கடைசி வரி என்னிடம் இல்லை. ஊகித்து எழுதும் வேலையை நான் விட்டுவிட்டேன், ஒருமுறை எழுதிப் பட்டது போதும்.

உங்களுக்குச் சும்மா இருக்க முடியாவிட்டால் ஒன்று செய்யுங்கள். உங்கள் முதுகை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். உங்களுக்குப் பின்வரிசையில் எப்போதும் சண்டை போடும் ஆள் யாராவது இருப்பார். அவரைக் கூப்பிட்டுச் சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். பருப்பு டப்பா பக்கத்தில் இருக்கட்டும்.