மோட்டாரை மாற்றிவிட்டான்

பத்து நிமிடம் ஓடியதுமே இன்ஜின் சுட்டது. ஸ்டீவன் அதைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி முகர்ந்தார். கருகல் வாடை.

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பொம்மை டீசல் ரயில் இன்ஜின் அது. மச்சினன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. தேனி பஜாரில் பெயின்ட் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும், மாடி அறையின் தரையில் தண்டவாளம் பரப்பி அதை ஓடவிடுவார். போன மாதம் சுத்தம் செய்து எண்ணெய் போடச் சொல்லி சுரேஷ்கண்ணனிடம் கொடுத்திருந்தார். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்து பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன் அவன். பத்து வருடப் பழக்கம். மூன்று நாள் வைத்திருந்து கொடுத்தான்.

மேல்மூடியைக் கழற்றினார். மோட்டாரில் ஒட்டியிருந்த லேபிளைக் காணவில்லை. நல்ல மோட்டாரை உருவிக்கொண்டு எதையோ மாட்டிவிட்டான்!

"ஜான்சி, மாடி ரூமுக்கு யாரும் வந்தாகளா?" என்று மனைவியிடமும் கேட்டுவைத்தார்.

"உங்க பொம்மை ரூமுக்கு யாரு வரப்போறா? நானே அந்தப் பக்கம் போறதில்ல" என்றாள் அவள், கீரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

மறுநாள் காலை இன்ஜினை எடுத்துக்கொண்டு காமயகவுண்டன்பட்டிக்கு பஸ் ஏறினார். சுரேஷ்கண்ணனின் பட்டறை மேசையில் அட்டையில் செய்த ஒரு குடைராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு குட்டி மோட்டார். ஸ்டீவனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இது ஏது?"

"பழைய பிரிண்டர்ல கழட்டுனதுண்ணே. மக பவானி கேட்டான்னு செஞ்சேன்."

"என் இன்ஜின்ல கழட்டுனதுன்னு சொல்லு."

சுரேஷ்கண்ணன் கையை நீட்டினான். இன்ஜினை வாங்கிப் பிரித்தான். காணாமல் போன லேபிள் சூட்டில் பசை இளகி மூடியின் உட்புறம் ஒட்டிக் கிடந்தது. மோட்டாரைத் தனியே எடுத்து மின்சாரம் கொடுத்தான். கால் மணி நேரம் ஓடியது.

"தொட்டுப் பாருங்க."

வெதுவெதுப்புக்கூட இல்லை. பிறகு சக்கரங்களைக் கவிழ்த்து, இடுக்கியால் அச்சிலிருந்து எதையோ இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. முழ நீளத் தலைமுடி. பாதி கறுப்பு, பாதி நரை.

"இம்புட்டும் அச்சுல சுத்திக்கிட்டா பல்சக்கரம் எப்படிண்ணே சுத்தும்? மோட்டார் முக்கி முக்கி இழுத்திருக்கு. அதான் சூடு."

அந்த முடி யாருடையது என்று ஸ்டீவனுக்குத் தெரிந்தது. பஸ்ஸில் அதே யோசனை. ஜான்சி ஏன் பொய் சொன்னாள்? 'இந்தச் சனியனை ஒருநாள் தூக்கிப் போடுறேன்' என்று முன்பு திட்டியவள்தானே? வேண்டுமென்றே முடியைச் சுற்றிவிட்டாளோ?

இரண்டு நாள் பொறுத்து, பகல் பதினொரு மணிக்குச் சொல்லாமல் வீட்டுக்கு வந்தார். மாடியில் ரயில் ஓடும் சத்தம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

ஜான்சி குளித்த தலையை விரித்துப் போட்டு, கன்னத்தைத் தரையில் அழுத்திப் படுத்திருந்தாள். இன்ஜின் அவள் மூக்கருகே கடந்து போனது. சிறு பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"போறதே இல்லன்னு சொன்னியே?"

"கீழ படுத்துப் பார்த்தா நெச ரயிலு மாதிரியே வருதுங்க." அவள் முடியை அள்ளி முடிந்தாள். "ஆமா, சொன்னேன். ஒருநாளாவது வா ஜான்சி, பாருன்னு கூப்பிட்டீகளா?"

 அவளைச் சந்தேகப்பட்டதை ஸ்டீவன் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் மீண்டும் காமயகவுண்டன்பட்டிக்குப் போனார். சுரேஷ்கண்ணன் ஒரு பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தான்.

"தப்பாப் பேசிட்டேன்ப்பா."

"வண்டி சூடாகாம ஓடுதுல்ல?"

"ஓடுது."

"அப்ப சரி."

சுரேஷ்கண்ணன் வழக்கம்போல அவருக்கு டீ வாங்கிவரச் சொல்லவில்லை. கம்பியைச் சுற்றுவதையும் நிறுத்தவில்லை.  ஸ்டீவன் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.