நூலளவு சதை

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் சதை சீவுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நோயாளியிடமிருந்து எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, இயந்திரத்தில் வைத்து, ஊதினால் பறக்கிற மாதிரி சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவாள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு நாள் கோட்டை விட்டாள். அதுவும் கூடப்பிறந்த அக்காவின் சதையில்.

அக்காவுக்கு வந்தது சினைப்பையில் லட்சத்தில் ஒருத்திக்கு வருகிற புற்றுநோய். கத்தி வைக்க முடியாதபடி பரவியிருந்ததால், ஊசி போட்டு நூலளவு சதைதான் எடுத்தார்கள். எட்டுத் தகடு போதும். பாழாய்ப்போன பாசம் விடுமா? டாக்டர் கண்ணுக்கு ஒன்றும் தப்பக் கூடாது என்று சீவிக்கொண்டே போனாள். நாற்பது தகடு. அத்தனைக்கும் சாயம் ஏற்றினாள். நோய் இன்னதென்று தெளிவாகத் தெரிந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

எட்டு மாதத்தில் வழக்கமான மருந்துகள் கைவிட்டன. டாக்டர் புது மாத்திரை ஒன்றைச் சொன்னார். புற்றுநோயின் மரபணுவில் குறிப்பிட்ட ஒரு கோளாறு இருந்தால், அதையே குறிபார்த்து அடிக்குமாம். இருக்கிறதா என்று பார்க்கச் சாயம் படாத சதை வேண்டும். ரத்தத்தில் தேடியும் ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி ஊசி போட்டால் அக்காவின் உடம்பு தாங்காது.

அவள் ஓடிப்போய் அலமாரியிலிருந்த மெழுகுத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெறும் மெழுகு. சாயமேறிய தகடுகளைச் சுரண்டியும் பார்த்தார்கள், உதவவில்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. அன்று மாலையே அக்காவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

“அக்கா, டெஸ்ட் பண்ணச் சதை இல்லை. நான்தான் சீவியே தீர்த்துட்டேன்.”

அக்கா லேசாகச் சிரித்தாள்.

“சின்ன வயசுல என் பென்சிலைச் சீவித் தரேன்னு வாங்கிட்டுப் போவியே. கூரா இருக்கணும், கூரா இருக்கணும்னு சீவி, கடைசில துண்டுகூடத் திரும்பி வராது. அப்பவே உன் கையை உடைச்சிருக்கணும்டி.”

தங்கை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அக்கா அந்தக் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த மாத்திரை எனக்குப் பொருந்தியிருக்குமா?”

“தெரியாதுக்கா. இனிமே யாருக்கும் தெரியாது.”

“அப்போ பொருந்தியிருக்காதுன்னே வெச்சுக்க. நானும் அப்படியே வெச்சுக்கறேன்.”

தங்கை தலையாட்டினாள். அக்கா போன பிறகும் ஒரு நாள்கூட அவளால் அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை.