ஊசி பட்டால் ஓர் அழுத்து

அம்மாவின் காலில் அட்டை கடித்தால் அவளுக்குத் தெரிவதில்லை. மலையிலிருந்து இறங்கும்போது யாராவது சொன்ன பிறகே குனிந்து பார்ப்பாள். "ஒங் காலுல அட்டைக்கெல்லாம் தீவாளிதான்" என்று அடுத்த காம்பராவில் குடியிருக்கும் ராசம்மா அக்கா கேலி செய்வாள். அம்மாவும் சிரிப்பாள்.

போன மாதம் உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு ஏறி, இரண்டு நாள் அதோடேயே தேயிலைக் கொழுந்து பறித்திருக்கிறாள். தோட்டத்து டொக்டர் அதைப் பிடுங்கி எடுத்துவிட்டு, சீனி வியாதியால் நரம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்த்துவரப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். காலில் உணர்வில்லை என்றால் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்ட வேண்டியதுதான் என்றார் கணக்கப்பிள்ளை. அப்பா இல்லை. அம்மாவின் பேர் போனால் லயத்தில் தோட்டம் தந்த எங்கள் காம்பராவும் போய்விடும்.

மடுல்சீமையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் அம்மா என் காதருகே குனிந்தாள்.

"ஒரு தடவ குத்துனா ஒரு அழுத்து. மறந்துறாத புள்ள."

பதுளை டொக்டர் நல்லவர். அம்மா பயப்படுகிறாள் என்று நினைத்து, அவள் கையைப் பிடித்துக்கொள்ள என்னை விட்டார். அவளைக் கண்ணை மூடச் சொன்னார். பெருவிரலில் ஊசியை வைத்தார். அழுத்தினேன். "ஆமாங்க" என்றாள் அம்மா. குதிகாலில் வைத்தார். அழுத்தினேன். ஓரிடத்தில் ரத்தம் பொட்டாக வந்தது. அவள் முகம் அசையவில்லை. பிறகு ஓர் இரும்புக் கவையைத் தட்டி, அதிர அதிரக் கால் எலும்பில் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லச் சொன்னார். அதன் முனையையே பார்த்திருந்து, நடுக்கம் நின்றதும் அழுத்தினேன்.

சின்னச் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டியபோது மட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாதம் துள்ளவே இல்லை. டொக்டர் மறுபடி தட்டினார். கண்ணாடி ஏறியது தெரியவில்லையா என்று கேட்டார். தெரிந்ததுதான், வேலையை விட முடியாமல் பொறுத்துக்கொண்டேன் என்றாள் அம்மா. அது உண்மையா என்று அவர் என்னைக் கேட்டார். சொல்லிவிடலாம் என்றுதான் நிமிர்ந்தேன். இப்போது அம்மா என் கையை அழுத்தினாள். நான் தலையாட்டினேன்.

ஆரம்பம்தான், வேலை செய்யலாம், செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது அம்மா எனக்குக் கடலை வாங்கித் தந்தாள்.

வீட்டில் அவளுக்குக் கால் கழுவ வெந்நீர் கொதிக்க வைத்துப் பேசினில் ஊற்றினேன். கலக்கப் பச்சைத் தண்ணீர் எடுத்து வருவதற்குள் இரண்டு காலையும் உள்ளே வைத்திருந்தாள்.

"சூடு பத்தல. இன்னுங் கொஞ்சம் ஊத்து."

நான் விரலை விட்டேன். வைத்திருக்க முடியவில்லை. அவள் கால்களைப் பிடித்து வெளியே தூக்கினேன். தோல் வெந்து வெளுத்திருந்தது.

காலையில் கொப்புளங்களின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். கணக்கப்பிள்ளை கடிதத்தை வாசித்துவிட்டு, அவளை மேல் மலைக்குப் போகச் சொன்னார். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு ஏறினாள். கொஞ்சம்கூட நொண்டவில்லை.